பம்பாயிலிருந்து மூன்று நிமிஷம்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீசில், விமானம் ஏறினவர்களைவிட பெஞ்சைத் தேய்த்தவர்கள்தான் அதிகம். நீங்களும் அப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர் என்றால் நாம் உறவுக்காரர்கள். கும்மிடிப்பூண்டியில் புதுசாக எழும்பிய தொழிற்பேட்டைக்குப் போகும் ரோட்டில், தணிகாசலம் சார் ஆபீசில் எட்டு மாதம் டைப் அடித்தவள் நான். வயசு பதினேழு. டைப்ரைட்டிங் லோயர் பாஸ். எந்தக் குரலை இன்றைக்குக் கேட்டாலும் நாளைக்கு அது என் தொண்டையில் இருக்கும்.

கடைசியில் உங்களுக்கு ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போது தரமாட்டேன். விசாவுக்கு மாதக்கணக்கில் குந்தியிருந்தவர்களுக்கு ஒரு சிரிப்புக்காகக் கொஞ்ச நேரம் குந்த முடியாதா?

வந்துக்கினே இருக்குது

ஆபீஸ் என்றால் லேத் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரே அறை, நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் நான், டைப்ரைட்டர், டெலிபோன், பெஞ்சு. அந்தப் பக்கம் சார், இன்னொரு டெலிபோன், துபாய் படம் போட்ட காலண்டர். வெளியிலிருந்து வரும் போனை நான் எடுத்து ஒரு பட்டனை அமுக்கினால் உள்ளே சாருக்கு மணி அடிக்கும். இந்தப் பட்டனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விசா, மெடிக்கல், டிக்கெட், எதைக் கேட்டாலும் சாரிடம் ஒரே பதில்தான்: "வந்துக்கினே இருக்குது." ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன சமயம், நான் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று அவர் குரலில், "இன்னாபா, எல்லாரும் நாஷ்டா துன்னீங்களா? விசா வந்துக்கினே இருக்குது" என்றேன். பெஞ்சு மொத்தமும் எழுந்து தடுப்பைப் பார்த்துக் கும்பிட்டது. அதே நேரம் சார் வாசல் வழியாக உள்ளே வந்தார். மரியாதை தனக்குத்தான் என்று தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். பெஞ்சு ஓரத்தில் இருந்த ஏழுமலை அண்ணன் மட்டும் உள்ளே போகிறவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு சார் கீறாங்க. ஒருத்தராவது விசா குடுக்கலாமே தங்கச்சி."

ரெண்டாவது மாலை

ஏழுமலை அண்ணன் பழவேற்காடு பக்கம் கடலோரக் குப்பத்துக்காரர். வலையை விட்டுவிட்டு வெல்டிங் ராடைப் பிடித்தவர். ஆவணி பிறந்தால் அவருக்கு முப்பது முடியும். முப்பதுக்கு மேல் கம்பெனி எடுக்காது. அதனால் அவருக்கு மட்டும் காலண்டரில் துபாய் தெரியாது, தேதிதான் தெரியும்.

தை மாதம் சார், "அடுத்த வாரம் பிளேன்" என்று சொன்னதும் குப்பமே கூடி மாலை போட்டு பஸ் ஏற்றியது. பிளேன் வரவில்லை. அண்ணன் ஊருக்குத் திரும்பிப் போய், "பிளேன் ரிப்பேர்" என்றார். மாசியில் சார் மறுபடியும் "அடுத்த வாரம்" என்றார். ரெண்டாவது மாலை. அதுவும் நடக்கவில்லை. மூன்றாவது மாலையை எவன் போடுவான்? ஆகவே மனுஷன் ஊர்ப்பக்கமே போகாமல் புதுவாயலில் ஒரு அறை பிடித்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இங்கேயே கூலிக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார். குப்பத்துக் கணக்கில் அவர் துபாயில் இருந்தார். "பேஜாரு தங்கச்சி. ஊர்ல கேட்டா துபாய்ல கீறேன், துபாய்ல கேட்டா ஊர்ல கீறேன். இந்த பெஞ்சுல மட்டுந்தான் நான் நானா கீறேன்."

துபாய்க் கடுதாசி

துபாயில் இருக்கிறவன் அம்மாவுக்குக் கடுதாசி போட வேண்டாமா? அதை நான்தான் எழுதினேன். "இங்கே வெயில் ஜாஸ்தி. மீன் கிடைக்கிறது, நம்ம மீன் மாதிரி இல்லை." படித்த அண்ணனுக்கே துபாயைப் பார்த்துவிட்ட மாதிரி கண் கலங்கியது. கும்மிடிப்பூண்டி போஸ்டாபீசில் போட்டோம்.

ஒருநாள் அந்த அம்மாவே ஆபீசுக்கு வந்துவிட்டது. வாசலில் அம்மாவின் மீன் கூடை தெரிந்ததும் அண்ணன் என் மேசைக்கு அடியில் பாய்ந்தார். ஆறடி ஆள், நாலடி மேசை. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, பையனுக்கு அனுப்ப நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னது. நான் சாரைப் போலக் குரலைக் கனமாக்கி, "போற ஆள்கிட்ட குடுத்தனுப்பிடலாம்மா" என்றேன். அம்மா மடியிலிருந்து என் கடுதாசியை எடுத்து, ஸ்டாம்பை ஒருதரம் தடவிப் பார்த்தது. பிறகு எழுந்து வந்து, கருவாட்டுப் பொட்டலத்தைக் குனிந்து கீழே தள்ளியது. "மேசைக்கு அடியில வெச்சிட்டேன் கண்ணு. துபாய்ல கீறவன் எடுத்துக்குவான்."

முகமூடி

ஆனி மாதம் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்து பக்கத்துப் பட்டறையில் டெஸ்ட் வைத்தார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வெல்டர். இதற்கு அடுத்தது ஐப்பசியில்தான். அதாவது ஏழுமலை அண்ணனுக்கு இதை விட்டால் கிடையாது.

சாருக்கு ஒரு மச்சான், சம்சாரத்தின் தம்பி, பாபு. ஆர்.கே.பேட்டையில் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர். வெல்டிங் வெளிச்சத்தைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே கண்ணில் தண்ணீர் ஊற்றும். உங்களுக்குத் தெரியும், வெல்டிங் டெஸ்டில் எல்லோருக்கும் ஒரே முகம்தான், அது முகமூடி. இன்ஜினியர் பார்ப்பது ஒட்டின இரும்பையும் அதில் சாக்பீசால் எழுதின பெயரையும்தான். சார் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல்ல பாபு பேர்ல ஒண்ணு அடிச்சிடு, அப்பால உன்னுது" என்றார். பாஸ்போர்ட் சார் டிராயரில் இருக்கும்போது யார் மாட்டேன் என்பார்கள்?

அண்ணனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. பாபுவுக்காக அடித்ததும் வெள்ளிக்கம்பி பதித்த மாதிரி வந்தது. தன்னுடையதற்கு வரும்போது மனசு ஆவணித் தேதிக்குப் போய்விட்டது, ஒட்டு கோணிக்கொண்டது. இன்ஜினியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாபுவின் இரும்பைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அண்ணனின் தோளில் தட்டி ஆறுதலும் சொன்னார்: "மனசு விட்டுடாதப்பா. அந்த பாபுகிட்ட கொஞ்ச நாள் இருந்து கத்துக்கோ."

டிரங்க் கால்

தணிகாசலம் சார் பூமியில் பயந்தது ஒரே ஒரு ஆளுக்கு. பம்பாயில் இருந்த பெரிய ஏஜென்ட். திருநெல்வேலிக்காரர், எங்களுக்கு அண்ணாச்சி. சனிக்கிழமை ஆனால் அவரிடமிருந்து டிரங்க் கால் வரும்; எக்ஸ்சேஞ்ச் அம்மா இணைத்துக் கொடுத்து, மூணு நிமிஷம் ஆனதும் குறுக்கே வந்து வெட்டும். சார் எழுந்து நின்றுதான் பேசுவார். பம்பாய்க்கே கேட்க வேண்டும் என்று கத்துவார். அவருக்கு வேறு எதுவும் காதில் விழாது. ரெண்டு வாரமாக அண்ணாச்சி கூப்பிடவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

பாபு பாஸ்போர்ட்டை வைத்த கவர், பம்பாய்க்குப் போக என் மேசையில் இருந்தது. பக்கத்தில் லேத் ஓட ஆரம்பித்தது. பட்டனை அமுக்கினேன்.

"பாம்பே டிரங்க் கால், பேசுங்க" என்றேன், எக்ஸ்சேஞ்ச் அம்மா போல மூக்கால். பிறகு தாவணித் தலைப்பை வாயில் வைத்து, "என்னவே தணிகாசலம், கேக்குதா?"

உள்ளே நாற்காலி பின்னால் போகும் சத்தம். எழுந்துவிட்டார்.

"கேக்குது அண்ணாச்சி."

"அந்த பாபுங்கவன் ஒட்டுன இரும்ப இன்ஜினியர் கொண்டாந்து காட்டுனாரு. நல்ல கை. அங்க போயி எறங்குன அன்னைக்கே மொதலாளி முன்னால நின்னு ஒரு பைப்ப ஒட்டிக் காட்டணுமாம்வே."

உள்ளே டிராயரை இழுத்து மூடும் சத்தம்.

"அண்ணாச்சி, அது வந்து... சாக்பீஸ்ல பேரு எழுதச்சொல்ல சின்ன மிஸ்டேக் ஆயிட்ச்சி."

"எந்தப் பய ஒட்டுனானோ அந்தப் பய பாஸ்போர்ட்ட அனுப்பும். ஆளு மாறி வந்தான்னா திருப்பி அனுப்புத செலவு உம்ம தலையில. பேரு மாறிப்போச்சுன்னு ஒரு கடுதாசியும் வச்சிரும்."

"சரிங்க அண்ணாச்சி. ஊட்ல எல்லாம் சௌக்கியமா? பெரிய பொண்ணுக்கு இன்னா ஆச்சு?"

பெரிய பொண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு எப்படித் தெரியும்? அவசரமாக எக்ஸ்சேஞ்ச் அம்மாவாகி, "மூணு நிமிஷம் முடிஞ்சது" என்று லைனை வெட்டினேன்.

சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கவரைப் பிரித்து பாபுவை எடுத்துவிட்டு ஏழுமலையை வைத்தார். கடுதாசியை அவர் சொல்லச் சொல்ல நானே டைப் அடித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பம்பாய்ல குந்திக்கினு அவருக்கு எப்படிம்மா எல்லாம் தெரியுது? பக்கத்துல நின்னு பாத்த மாரியே பேசறாரு."

பம்பாய்க் கடுதாசி

ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது ஏழுமலை அண்ணன் நிஜமாகவே போனார். மாலை இல்லை. அம்மா மட்டும் பொட்டலத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. மூன்று வாரம் கழித்துக் கடுதாசி வந்தது, வேற நாட்டு ஸ்டாம்பு.

அதே வாரம் பம்பாயிலிருந்தும் ஒன்று. நல்ல சேதி என்று சார் என் மேசையருகே நின்று உரக்கப் படித்தார். "நீர் எழுதினபடி பெயரை மாற்றி அனுப்பினேன். ஆள் போய்ச் சேர்ந்து நல்ல பெயர் எடுத்துவிட்டான். ஆனியில் பிடித்த மழையில் என் டெலிபோன் செத்தது, இன்னும் உயிர் வரவில்லை. அதனால்தான் இத்தனை நாளாக உம்மைக் கூப்பிடவில்லை."

சார் நிறுத்தினார். கடைசி வரியை மறுபடியும் படித்தார், இந்தத் தடவை மனசுக்குள். டெலிபோனைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். பேப்பரே மாட்டாத டைப்ரைட்டரில் நான் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் சிரித்திருப்பேன். ரொம்ப நிதானமாகக் கேட்டார்.

"அண்ணாச்சி நீதான்னு வெச்சிக்கிறேன். மூணு நிமிஷம் முடிஞ்சதுன்னு ஒரு பொம்பள லைன வெட்டிச்சே, அதுவுமா நீ?"

அந்த ஆபீசிலிருந்து நான் பார்க்கச் சரியாகப் போய்ச் சேர்ந்தவர்கள் ரெண்டே பேர்: ஏழுமலை அண்ணன் துபாய்க்கு, நான் வீட்டுக்கு.