எஞ்சின் வாங்கியவர்கள் சொன்னது

சிக்கல் என்ற ஊரில் எனக்குக் கிராம சேவிகா வேலை கிடைத்தபோது, எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான்தான். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்திலிருந்து அய்யா என்னைப் பஸ்ஸில் கூட்டி வந்து, வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறையில் பெட்டியை இறக்கி வைத்தார். கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "பதனமா இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

கல்யாணமாகாத பெண் ஒருத்தி சம்பளத்துக்காகத் தனியாக வந்து தங்கியதை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் தெருவில் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஆண்கள் எழுந்து நிற்பார்கள். முதல் மாதம் அதெல்லாம் மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்தேன். இரண்டாவது மாதம், ஆபீசிலிருந்து வந்த சுற்றறிக்கையைச் சாயங்காலத்தில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் ஒரு குரல் வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்திதான் என்னிடம் தானாக வந்தாள். முருங்கைக்கீரையை மடியில் கட்டிக்கொண்டு வந்து என் வாசற்படியில் உட்கார்ந்து உருவுவாள். "என்ன புள்ள, இன்னைக்கும் ரசந்தானா? ஒத்த ஆளுக்கு எதுக்கு அடுப்பு, எங்க வீட்டுல வந்து தின்னுட்டுப் போ" என்பாள். அவள் புருஷனுக்கு ஊருக்கு மேற்கே ஒரு கிணற்றுத் தோட்டம். மிளகாய் போட்டிருந்தார்கள். ஒரு ஜோடி மாடு கமலை இழுத்துத் தண்ணீர் இறைத்தது.

அந்த வருஷம் ஆபீசில் ஒரு படிவம் வந்தது. சுற்று ஊர்களில் புதிதாக ஆயில் எஞ்சின் வாங்கியவர்களை வீடு வீடாகப் பார்த்து, எஞ்சின் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். அது ஆண் கிராம சேவக் பார்க்கிற வேலை. அவர் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டதால் என்னிடம் வந்தது. எப்போது வாங்கினீர்கள், பழுது உண்டா, பழுதினால் பயிர் சேதமா, திருப்தியா என்று வரிசையாகக் கேள்விகள். எஞ்சினைப் பற்றி ஆண்களிடம் நான் கேள்வி கேட்டு எழுதப் போகிறேன் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. புதுப் பென்சில் இரண்டு சீவி வைத்துக்கொண்டேன்.

எஞ்சின் நம்பரைப் பார்த்து எழுத வேண்டும் என்பதால், எல்லா வீட்டிலும் கொட்டகையில் எஞ்சின் பக்கத்திலேயே நின்றுதான் பேசினோம். மஞ்சள் குங்குமம் அப்பி, காய்ந்த சாமந்தி மாலையோடு ஒவ்வொன்றும் நின்றது. மூக்கையூர் ரோட்டில் முதல் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"குறையே இல்லம்மா. எழுதுங்க."

"ஒரு பழுதும் இல்லையா?"

"இதுக்கா? தட்டி விட்டா அது பாட்டுக்கு ஓடும்."

"பயிர் ஏதாவது காய்ஞ்சுதா?"

"ஒத்தச் செடி வாடலம்மா."

அவர் சம்சாரம் வேலிக்குப் பின்னாலிருந்து, "எஞ்சின் வந்த நாள்ல இருந்து ராசாவுக்கு வீட்டு நெனப்பே இல்ல, அதையும் எழுதிக்க தாயி" என்றாள். அவர், "ஏய், உள்ள போ" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை எழுத இடமில்லை.

போன இடமெல்லாம் இதே பதில். நான் கூட்டிக் குறைத்து எழுதவில்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். படிவங்களைக் கட்டாகக் கட்டி வைத்தபோது, ஒரு காரியத்தை முழுசாகத் தெரிந்துகொண்ட திருப்தி இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் அக்கா கீரை இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரக எஞ்சின் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக. மாட்ட வித்தாத்தான் பணம் தேறுமாம். வித்துரலாமா, வேணாமா? நீ சொல்லு புள்ள."

"நான் என்னக்கா சொல்ல?"

"எல்லாரையும் போயிக் கேட்டவ நீதான? இந்தத் தெருவுல வேற யாருக்குத் தெரியும்?"

வேற யாருக்குத் தெரியும் என்று அவள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பழுது இல்லை. சேதம் இல்லை. திருப்தி. அவளுக்கு எழுத்து தெரியாது. என் விரல் போன பக்கமெல்லாம் அவள் கண்ணும் போனது. "விக்கலாம்க்கா" என்றேன்.

மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிய அன்று அவள் அவற்றின் நெற்றியில் மஞ்சளைத் தடவிவிட்டு உள்ளே போனவள், மத்தியானம் வரை வெளியே வரவில்லை. எஞ்சின் வந்தது. தேங்காய் உடைத்தார்கள். தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்ததைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். நான் போய் நின்றேன்.

மாசி மாதம், செடியில் பூவும் பிஞ்சுமாக இருந்த சமயத்தில் எஞ்சின் நின்றது. எண்ணெய் பீய்ச்சுகிற நாசில் போய்விட்டது, மதுரையிலிருந்துதான் வர வேண்டும் என்று பரமக்குடியிலிருந்து வந்த மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார். நான்கு நாள் ஆனது. ஆறு நாள் ஆனது. அக்காவின் புருஷன் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

மற்றவர்கள் இப்படி நின்றால் என்ன செய்தார்கள் என்று கேட்க நான் மூக்கையூர் ரோட்டு வீட்டுக்கு நடந்தே போனேன். போகும்போதே கமலை உருளை கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்காரர் மாட்டை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் மாலையோடு சும்மா நின்றது.

"எஞ்சின் ஓடலையா?"

"பத்து நாளா மொரண்டு பிடிக்குதும்மா. சரியாயிரும்."

"இதுக்கு முன்னாடி நின்னிருக்கா?"

"மூணு தடவ."

"அன்னைக்கு ஒரு பழுதும் இல்லைன்னு சொன்னீங்களே!"

மாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "இதெல்லாம் பழுதாம்மா? புள்ளைக்குப் பல்லு முளைக்கையில காய்ச்ச வாரதில்ல? அதப் போயி சீக்குக்காரப் புள்ளைனு எழுதுவீகளா? அதுவும் சாமி கும்பிட்டு எறக்குன எஞ்சினு. அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு அதக் குத்தம் சொல்லச் சொல்றீகளா?"

"பயிர் காயலைன்னும் சொன்னீங்க."

"காயலையே. மாட்டப் பூட்டிட்டோம்ல."

வேலிப் பக்கம் நின்ற அவர் சம்சாரம் மெதுவாகச் சொன்னாள்: "மாடு இருக்கானு நீ கேக்கலையே தாயி."

கேட்கவில்லை. ஆனால் பார்த்திருந்தேன். எஞ்சின் நம்பரை எழுதக் குனிந்தபோது சாணியில் மிதிக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்தது நினைவுக்கு வந்தது. நான் போன ஒவ்வொரு வீட்டிலும் கொட்டகைக்குப் பின்னால் மாடு கட்டியிருந்தது. கிணற்று மேல் கமலை அப்படியே இருந்தது. ஒருவரும் கழற்றவில்லை. எஞ்சினை வாயாரப் புகழ்ந்த ஒருவர்கூட மாட்டை விற்கவில்லை. படிவத்தில் கட்டம் இல்லாததால் அது என் கண்ணில் பட்டும் கணக்கில் வரவில்லை.

"கடலாடிப் பக்கம் ஒருத்தர் எஞ்சினே வேணாம்னு வித்துட்டாரு, அவரப் பாக்கலையா?" என்றார் வீட்டுக்காரர். என் பட்டியலின் தலைப்பு, 'தற்போது எஞ்சின் வைத்திருப்போர்'. விற்றவர் அதில் எப்படி வருவார்?

அவர்கள் யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வாங்கிய பொருளைப் பற்றி வாங்கியவரிடம் கேட்டால், வாங்கியது சரிதான் என்பதையே அவர் முதலில் சொல்வார். அது தன்னைப் பற்றிய பதில். பொருளைப் பற்றித் தெரிய வேண்டுமானால், அது நின்ற அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். கொட்டகையை விட்டு வெளியே கூட்டி வந்து கேட்க வேண்டும். முடிந்தால் வீட்டுப் பெண்ணிடம் கேட்க வேண்டும். இது எனக்கு அந்த ரோட்டில் திரும்பி நடந்தபோது தெரிந்தது. நேரம் கடந்துவிட்டது.

கிளம்புமுன், மாட்டை இரண்டு நாள் கொடுங்கள் என்று அவரிடம் கேட்கத்தான் நினைத்தேன். அவர் வயலே அந்த மாட்டை நம்பி இருந்ததால் வாய் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். அக்கா கிணற்றில் கையால் இறைத்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் ஒரு குடத்தை எடுத்தேன். அவள் தடுக்கவில்லை. கிணற்றை ஒட்டிய பாத்திகளுக்குத்தான் எங்களால் ஊற்ற முடிந்தது. தூரத்துப் பாத்திகளில் இலை சுருண்டு தொங்கியது.

"அக்கா, எல்லா வீட்லயும் மாடு இருக்கு. நான் கேக்காம விட்டுட்டேன்."

அவள் குடத்தின் வாயில் சேலைத் தலைப்பை வைத்துத் துடைத்தாள். "சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போறப்பவே எதுத்த வீட்டுக்காரர் சொன்னாரு, மாடில்லாம எஞ்சினானு. எங்க வீட்டுக்காரகதான், நீ என்னத்தக் கண்ட, சேவிகா எல்லாத்தையும் கேட்டு எழுதி வச்சிருக்குனு சொன்னாக."

நாசில் பதின்மூன்றாம் நாள் வந்தது. எஞ்சின் நன்றாகவே ஓடியது. தோட்டத்தில் பாதிக்கு மேல் அதற்குள் பட்டுப்போயிருந்தது. எஞ்சின்கள் நின்றதையும் எல்லா வீட்டிலும் மாடு இருந்ததையும் நான் தனித் தாளில் எழுதி ஆபீசில் கொடுத்தேன். "கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்திருக்கே, அப்புறம் என்னம்மா?" என்று அதிகாரி தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாயங்காலங்களில் அவள் தன் வீட்டுப் பக்கமே உட்கார்ந்து கீரை உருவினாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் காம்பு ஒடிகிற சத்தம் கேட்கும்.

முதல் மிளகாய் காய்ந்ததும் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கை கொடுப்பது அங்கே வழக்கம். ஆபீசிலிருந்து வந்தபோது என் வாசலில் ஒரு முறத்தில் மிளகாய் இருந்தது. கூப்பிட்டுக் கொடுக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மிளகாயைக் கொட்டிக்கொண்டு, வெறும் முறம் கொடுக்கக் கூடாது என்று கொஞ்சம் வெல்லம் வைத்து எடுத்துப் போனேன். அவள் முற்றத்தில் மிளகாயைத் துழாவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"அங்கன வச்சிருங்க" என்றாள்.

நான் வைத்தேன்.