வீணாய்ப் போன மூன்று சிடிகள்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடும் உரிமை எனக்குக் கிடைக்கவில்லை. மாமா மகளுக்குத்தான் கிடைத்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பான நந்திதுர்க்கில் இருந்தோம். சுரங்கத்தை மூடிய பிறகு ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த அப்பா, ஆபீசில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். குடியாத்தத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, ராபர்ட்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்த மாமா மகள் அன்றே அதற்கு எஜமானி ஆகிவிட்டாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். பாசத்தினால் அல்ல, அம்மா சொன்னதால்.

அவளுக்காகவே அப்பா சிடி எழுதும் டிரைவ் ஒன்றையும் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பொருத்தினார். அக்கா எழுதிக் கொடுக்கும் சிடியை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என் ரேங்க் கார்டை அவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த டிரைவோடு, அக்கா சிடி எழுதும் புரோகிராம் தவிர, இன்னொரு புரோகிராமும் வந்திருந்தது. அதைப் போட்டுவிட்டால் சிடியும் ஃபிளாப்பி போலத்தான், ஃபைலை மவுஸால் இழுத்துப் போட்டால் போதும் என்று அக்காவே ஒருநாள் சொல்லியிருந்தாள். அவள் கிளாசுக்குப் போன ஒரு மத்தியானம், அம்மா தூங்கும் நேரம் பார்த்து அதைப் போட்டேன். நான் வரைந்த மயில் சிடிக்குள் போய் உட்கார்ந்தது. சாயங்காலம் அப்பாவிடம் காட்ட வேண்டுமென்று நினைத்து, பயந்து, புத்தகப் பையில் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் அக்கா தன் புராஜெக்டை சிடியில் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களைத்தான் பெங்களூர் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூவுக்கு அனுப்புவார்கள். காலையில் அவளுடைய புரோகிராம் டிரைவே இல்லை என்றது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டாள். சிடியில் பாதிவரை எழுதி நின்றது. இப்படி மூன்று சிடிகள். அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. எனக்குள்ளே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இனித்தது. கடைசியில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, வேலைக்கு லீவு போட்ட அப்பாவோடு அக்காவும் நானும் ஆட்டோவில் கடைக்கு ஓடினோம். கடை திறக்கவே மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ரெண்டு புரோகிராமும் ஒரே டிரைவப் புடிச்சி இழுக்குது சார். சொரங்கத்துல எறங்குற ஒரே கேஜுல ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்களும் ஏறுனா இன்னா ஆவும்? இத எடுத்துட்டா சரியாப்பூடும். யாரு போட்டது?”

அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். அக்கா என்னை மட்டும் பார்த்தாள்.

“நாந்தான் மாமா. தெரியாம போட்டுட்டேன்” என்றாள் அப்பாவிடம்.

அப்பா திட்டவில்லை. “சரி, வுடும்மா” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தப்பிவிட்ட நிம்மதியைவிட அந்தக் குரல் அவளுக்குப் போனதுதான் எனக்கு எரிந்தது. நான் செய்த தப்பைக்கூட அவள் எடுத்துக்கொண்டு நல்ல பெயர் வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

புராஜெக்டை நேரத்துக்குக் கொடுக்காததால் இன்டர்வியூவுக்கு அவளை அனுப்பவில்லை. அடுத்த மாதமே குடியாத்தத்திலிருந்து மாமா வந்து அவளை ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். பஸ் ஜன்னலிலிருந்து எனக்குக் கைகாட்டினாள். நான் வீட்டுக்கு ஓடிவந்து, யாரும் தடுக்காமல், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

ஒருவர் வீட்டில் தங்கிப் படிக்கிற பெண், அந்த வீட்டுப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அன்று ராத்திரி அதே வீட்டில் எப்படித் தட்டை எடுத்துவைத்துச் சாப்பிட உட்காருவாள் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.