யாருடைய கார்?

தைரியராஜ் என்று பெயர் வைத்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். முதுநகரில் எங்கள் தெருமுனைக் கடையில் பால் வாங்கக்கூட அவர் காரில்தான் போவார். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு சத்யப்பிரியா டீச்சர் தெருவுக்குள் வந்ததும், அந்தக் காருக்கு அவசரமாகத் தார்ப்பாய் போர்த்தினார். கார் இருப்பது தெரிந்தால் ரேஷன் அரிசி நின்றுவிடும் என்று பயம்.

“என்ன வண்டி சார் இருக்கு?” என்று டீச்சர் கேட்டார்.

“சைக்கிள்தான் டீச்சர். எங்க போனாலும் மிதிச்சிக்கினுதான் போறது.”

மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளைக் காட்டினார். அதன் செயின் துருப்பிடித்துக் கிடந்தது.

“தார்ப்பாய்க்குள்ள இருக்கிறது?”

“எதிர்வீட்டு மச்சானோட காரு.”

“இத வச்சி ரேஷன நிறுத்த மாட்டாங்க சார். எந்த ஊர்ல காரு ஜாஸ்தி, எந்த ஊர்ல சைக்கிள் ஜாஸ்தின்னு தெரிஞ்சிக்கத்தான் கேக்குறோம்.”

தைரியராஜ் சொன்னதை மாற்றவில்லை. டீச்சர் எதிர்வீட்டில் போய்க் கேட்டபோது மச்சான் டேனி, “எனக்கேது காரு?” என்று சிரித்தான். சொன்னதைத்தானே பதிய முடியும்? டீச்சர் அப்படியே போனில் பதிந்துகொண்டு போனார். கணக்கின்படி அந்தக் கார் யாருக்கும் சொந்தமில்லை.

தைரியராஜின் மனைவி பெலிசியா எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது தைரியராஜ் பெருமையாகக் கார் கதவைத் திறந்துவிட்டார்.

“யாரு காருன்னே தெரியலியே, இதுல எப்படி ஏறுறது?” என்று சொல்லிவிட்டு பெலிசியா நடந்தே போனார்.

அப்போதாவது அந்த மனிதருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். அவரோ வழி விடச் சொல்லி, பெலிசியாவின் பின்னாலேயே காரில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.