பதினான்காவது கேள்வி

அவளுடைய வலது கையில் தண்ணீர்க் குவளை இருக்கும். இடது கை சட்டைப்பைக்குள் இருக்கும். அமைச்சர் ஒருவர் பதில் சொல்ல எழுந்தால் போதும், பைக்குள் கட்டைவிரல் பொத்தானை அமுக்கிவிடும். அவர் வாயிலிருந்து முதல் சொல் விழுந்ததும் மறுபடி ஓர் அமுக்கு. கல்லூரி விளையாட்டு ஆசிரியரிடம் "ரெண்டே நாள்ல தந்துடறேன் சார்" என்று வாங்கி, ஏழு வாரமாகத் தராத ஸ்டாப்வாட்ச் அது.

சட்டமன்றத்துக்கு எட்டு வாரப் பயிற்சிக்கு வந்தவள். கூட வந்தவர்கள் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழ் எப்போது வரும் என்று நாள் எண்ணினார்கள். இவளுக்கு வாய்த்தது காலையில் மேசைதோறும் கோப்பு வைப்பதும், அவை நடக்கும்போது தண்ணீர் வைப்பதும்.

"அங்க என்னடி பண்றே?" என்று அம்மா போனில் கேட்பாள்.

"தண்ணி வைக்கிறேம்மா."

"அதுக்கா இவ்வளவு படிச்சே?"

"பெரிய எடத்துத் தண்ணிம்மா!"

பெரிய இடம்தான். முதல் நாள் கழுத்து வலிக்கக் கூரையைப் பார்த்தாள். ஆனால் அவளை வாய்பிளக்க வைத்தது கூரை அல்ல, அவை நடுவே இருந்த சின்ன மேசை. அங்கே இரண்டு பேர் தலைநிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். யார் எழுந்து என்ன சொன்னாலும், இருமல் தவிர அத்தனையும் எழுத்தாகிவிடும்.

"இங்க சொன்னா அழிக்கவே முடியாதாண்ணே?" என்று வாசல் காவலரைக் கேட்டாள்.

"சபாநாயகர் நீக்கச் சொன்னாத்தான் பாப்பா. இல்லேன்னா நாம போனப்புறமும் இருக்கும்."

அன்று மதியம் சாப்பிடப் போகாமல், அந்தச் சின்ன மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தொடரின் கடைசி நாள் பட்டியல் வந்தபோது, பதினான்காவது கேள்வி அவள் ஊரைப் பற்றியது. வெள்ளத்தில் போன நடைபாலம். இரண்டு வருடமாகத் தம்பி பள்ளிக்கூடப் பையைத் தலையில் கட்டிக்கொண்டு, குடிநீர்க் குழாய் மேல் நடந்துதான் ஆற்றைத் தாண்டுகிறான். "கீழ பாக்காம நட" என்பதுதான் அம்மா தினமும் அவனை வழியனுப்பும் சொல். கேள்வி அவையில் வந்தால் அமைச்சர் எழுந்து தேதி சொல்லியாக வேண்டும். வராவிட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று கேட்டவருக்கு ஓர் அச்சுத்தாள் போகும், அவ்வளவுதான். கேள்வி நேரமோ ஒரு மணி. இந்தத் தொடரில் ஒருநாளும் பதினோராவது கேள்வியைத் தாண்டியதில்லை.

ஏன் தாண்டவில்லை என்பது அவள் பைக்குள் இருந்தது. தாள் தேட நாற்பது வினாடி. கல்வி அமைச்சர் கண்ணாடி தேட மட்டும் ஒரு நிமிடம் பத்து. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் வெறும் காகிதச் சத்தம்.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். ஒவ்வொரு பதிலின் ஓரத்திலும் வண்ணச் சீட்டு, அதில் கேள்வி எண். கல்வி அமைச்சரின் ஓட்டுநரைக் கெஞ்சி வாங்கிய இரண்டாவது கண்ணாடி கோப்பின் மேலேயே. எழுந்ததும் இருமும் வனத்துறை அமைச்சருக்கு வெந்நீர்.

பிரிவு அதிகாரி அம்மாள் பின்னால் வந்து நின்றாள். "யார் சொல்லி ஒட்டறே?"

"யாரும் சொல்லலை மேடம். பாவம், தேடறாங்களேன்னு..."

"பாவமா? எது உங்க ஊர்க் கேள்வி?"

மாட்டிக்கொண்டாள். "பதினாலு மேடம்."

அதிகாரி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் மேசையிலிருந்து இன்னொரு கட்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். "பதினாலோட நிறுத்தினா நாளைக்குப் பேச்சாயிடும். கடைசி வரைக்கும் ஒட்டு."

அன்று அவையில் காகிதச் சத்தமே இல்லை. கல்வி அமைச்சர் கண்ணாடியைக் கண்டு, யாரோ பரிசு தந்ததுபோல் அக்கம்பக்கம் பார்த்தார். பன்னிரண்டு முடிந்தது. பதின்மூன்று இழுத்தது, யாரோ துணைக்கேள்வி கேட்டார், இன்னொருவர் நன்றி சொன்னார். அந்த நன்றியை மட்டும் அவள் மனத்துக்குள் திட்டினாள். மணி அடிக்க ஒரு நிமிடம்கூட இல்லை. சபாநாயகர் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார்.

"கேள்வி எண் பதினான்கு."

பொதுப்பணி அமைச்சர் எழுந்தார். கை நேரே சிவப்புச் சீட்டுக்குப் போயிற்று. அடுத்த மழைக்கு முன் பாலம் திறக்கப்படும் என்றார். மாதத்தையும் தேதியையும் சொன்னார். நடு மேசையில் இரண்டு பென்சில்கள் ஓடின.

"எத்தனை வினாடி பாப்பா?" என்று, அவள் பைக்குள் இருப்பது என்னவென்று தெரிந்த வாசல் காவலர் காதருகே கேட்டார்.

அவள் பொத்தானை அமுக்கவே இல்லை. பென்சில்கள் இரண்டும் நிற்கும்வரை பார்த்திருந்தாள். பிறகு, அமைச்சருக்கென்று ஏந்தியிருந்த குவளைத் தண்ணீரை, அவை நடந்துகொண்டிருக்கும்போதே, மடக்மடக்கென்று தானே குடித்துத் தீர்த்தாள்.