யானை வழியில் தொங்கும் தேன்பெட்டிகள்

அந்தக் காணொளி மொத்தமே சில நொடிதான். கம்பியில் வரிசையாகத் தொங்கும் மரப்பெட்டிகள், ஒரு யானை வந்து கம்பியைத் தும்பிக்கையால் தொடுகிறது, பெட்டிகள் ஆடுகின்றன, உள்ளிருந்து தேனீக்கள் பாய்கின்றன, யானை தலையை உதறிக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடுகிறது. திருப்பதிப் பக்கத்து வெதுருகுப்பத்தில் ஒரு மாந்தோப்பில், மதியச் சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முவெண்டே இதை எனக்குக் காட்டினாள்.

முவெண்டே கென்யாக்காரி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஓராண்டுத் தன்னார்வலராக வந்து, வெதுருகுப்பத்தில் ஒரு சிறிய விவசாயிகள் குழுவுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சித்தூர்ப் பெண். திருப்பதியில் விலங்கியல் முதுகலை. வாரக்கடைசிகளில் அவளுக்கு மொழிபெயர்க்கப் போவேன். காணொளி முடிவதற்குள் எனக்குக் குப்பத்தை அடுத்த, தமிழ் பேசும் குடுபல்லிப் பக்கம் நினைவுக்கு வந்துவிட்டது. கல்லூரிக் களப்பணிக்காக அங்கே முனியம்மா அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, முந்தைய ஆண்டு யானைகள் அவருடைய கேழ்வரகை ஒரே இரவில் தின்று தீர்த்ததைச் சொல்லிக் கேட்டிருந்தேன். “இந்தப் பெட்டிகளில் பத்தை அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டால் என்ன?” என்றேன். வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டாவது கேட்டிருக்கலாம்.

குழுவின் விவசாயிகள் பத்துப் பெட்டிகளை இரவல் கொடுத்தார்கள். ஆறு பெட்டிகளில் தேனீக்கள் தங்கின. அது நடந்து மூன்று மாதமாகிறது. நேற்று மாலை முனியம்மா அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தேனி எல்லாம் பெட்டி வாசல்ல செத்துக் கெடக்குதும்மா. கேவுரு பால் புடிச்சி நிக்குது. கெளம்பி வாங்க.”

காலை 6.10, திருப்பதி.

சித்தூர் எக்ஸ்பிரஸில் இருவருக்கும் முன்பக்கம் இடம் கிடைத்தது. ஆந்திரப் பெண்களுக்குப் பேருந்தில் கட்டணம் கிடையாது. ஆதாரைக் காட்டினால் பூஜ்யம் ரூபாய்ச் சீட்டு. முவெண்டே பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

“ஆதார் லேதா? அப்போ டப்பு இவ்வாலி” என்றார் நடத்துநர். “மேடம் எந்த ஊரு?”

“கென்யா.”

“அது ஏ ஜில்லா?” கேட்டவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பின்னிருக்கைதான் சிரித்தது. நூற்றுப் பத்து ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கினாள்.

உட்கார்ந்ததும் போனை எடுத்தாள். குழுத் தலைவர் அவளுக்கு அனுப்பியிருந்த குரல்செய்தியை இரண்டு முறை போட்டுக் காட்டி, தெலுங்கை மொழிபெயர்க்கச் சொன்னாள். எனக்கு இரண்டு முறையும் ஒன்றேதான் கேட்டது: மிச்சமிருக்கும் பெட்டிகளையாவது காப்பாற்றி இன்றே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். அதில் தப்பே இல்லை. தேனீக்கள் அவர்களுடையவை, மா பூக்கும்போது அவர்களுக்கு வேண்டும். ஆனால் பெட்டிகளை இன்று இறக்கினால், அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும் கேழ்வரகுக்கும் காட்டுக்கும் நடுவில் வெறும் கம்பிதான் இருக்கும்.

காலை 8.15, சித்தூர்.

எழுபது கிலோமீட்டர் வந்தாயிற்று. பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் வீடு பத்து நிமிட நடை. போகவில்லை. போனால் அம்மா இட்லி வைப்பாள். எங்கே போகிறாய் என்று கேட்பாள். யானை என்ற சொல் என் வாயிலிருந்து வந்தால் இட்லியோடு பயணம் முடிந்துவிடும். நிலையத்துக் கடையிலேயே ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, பலமனேர் வழியாகக் குப்பம் போகும் பேருந்தில் ஏறினோம்.

பலமனேரை நெருங்கும்போது காற்று குளிர்ந்தது. அதற்கப்புறம் சாலையின் இருபுறமும் தக்காளிதான். குச்சி நட்டுக் கயிறு கட்டிய வரிசைகள்; வரப்பில் அடுக்கிய பிளாஸ்டிக் கூடைகள்; முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு மருந்து அடிக்கிற ஆட்கள். முவெண்டே சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“இங்கே எத்தனை நாளுக்கு ஒரு முறை மருந்து அடிப்பார்கள்?”

எனக்குத் தெரியவில்லை. தக்காளி தின்றே வளர்ந்த ஊர்க்காரி நான். பின்னால் இருந்த பெரியவரைக் கேட்டேன். “புழுவு இருந்தா மூணு நாளு, நாலு நாளு. புழுவு இல்லன்னாலும் வாரம் ஒருவாட்டி” என்றார். அதை ஆங்கிலத்தில் சொன்னபோது முவெண்டே கண்ணை மூடிக்கொண்டாள்.

பகல் 12.20, குப்பம்.

குடுபல்லிக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது ரூபாய். அங்கிருந்து முனியம்மா அக்காவின் ஊர் காட்டோரமாக இன்னும் மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு ஒத்துக்கொண்டார்.

“திரும்ப வர்றதுன்னா நாலு மணிக்குள்ள போன் போடுங்க. அதுக்கு மேல லட்ச ரூபா குடுத்தாலும் வரமாட்டேன். முந்தாநேத்து ஸ்டேட் எல்லைக்கு அந்தாண்ட ஏழெட்டு ஆனை நின்னுக்கினு இருந்துதாம்.”

“இந்தப் பக்கம் வருமா?”

“அதுக்கென்ன, உங்க மாதிரி ஆதாரா காட்டணும்?” என்றார்.

பகல் 1.15.

முனியம்மா அக்கா வயலிலேயே நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. இங்கே ஒரு ஏக்கர் மானாவாரியை இவரும் நாத்தனாரும் பார்த்துக்கொள்கிறார்கள். இராக்காவலும் அவர்கள்தான்.

“வாம்மா. சோறு துன்னுட்டுப் பாருங்கன்னு சொல்லணும். வாய் வரல. மொதல்ல அங்க பாரு.”

கேழ்வரகு இடுப்புயரம் நின்றது. கதிர்கள் விரல்களை மடக்கிய கைபோலத் திரண்டிருந்தன. காட்டுப் பக்கமும், பக்கத்து வயலின் தக்காளிப் பக்கமும் கல் கால்கள் நட்டு, கம்பி இழுத்து, பெட்டிகள் தொங்கின. நாலாவது பெட்டியின் கீழே தரை கறுப்பாக இருந்தது. குனிந்து பார்த்தால் எல்லாம் தேனீ. சில இன்னும் உயிரோடு ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன.

முவெண்டே ஒன்றை உள்ளங்கையில் எடுத்துத் திருப்பினாள். அதன் நாக்கு வெளியே நீண்டிருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதற்கும் அப்படியே.

“நோயில்லை. விஷம்” என்றாள்.

தேனீ தங்கிய ஆறு பெட்டிகளையும் திறந்து பார்த்தோம். இரண்டு முழுக்கக் காலி. ஒன்றில் ஒரு கைப்பிடித் தேனீ. மூன்று நன்றாக இருந்தன. அவை காட்டுப் பக்கம் தொங்கியவை. செத்தவை மூன்றும் தக்காளிப் பக்கத்தவை. தக்காளியின் வரப்பில் சுற்றிலும் செண்டுமல்லி பூத்திருந்தது. புழுவை இழுத்துக்கொள்ளட்டும் என்று வைக்கிற செடி. தேனீயையும் இழுத்திருக்கிறது.

“அப்ப எடுத்துக்கினு போயிடுவீங்களா?” என்று அக்கா கேட்டார். அவரே தொடர்ந்தார். “ஐப்பசில ஒருநாள் ஆனை வந்திச்சி. காலடி கம்பி வரைக்கும் வந்து அப்பிடியே திரும்பியிருக்குது. என் கண்ணால பார்த்தேன். இந்த வருசமும் கேவுரு போச்சின்னா நிலத்தக் குத்தகைக்கு உட்டுட்டு நானும் பெங்களூருக்குத்தான். அங்க கல்லு தூக்கணும். அவருக்கு முதுகு போச்சி, எனக்கும் போவட்டும்.”

இதை ஒன்று விடாமல் முவெண்டேவிடம் சொன்னேன். அவள் நல்ல பெட்டிகள் மூன்றையும், பிறகு காட்டையும் பார்த்தாள்.

“என் ஊரில் மக்காச்சோளம்” என்றாள். “மருந்து வாங்க யாரிடமும் காசில்லை. அதனால் தேனீக்கு நல்ல காலம். பக்கத்து வயலில் என்ன செய்கிறார்கள் என்று இங்கே நான் கேட்டிருக்க வேண்டும்.”

எனக்கும் தோன்றவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து உதவுகிறவர்கள் பெட்டியைக் கொண்டுவரலாம், கம்பி கட்டக் கற்றுத்தரலாம். பக்கத்து வயல் மட்டும் வந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். முதலில் அந்த வயல்காரரைப் பார்ப்போம் என்றேன்.

மாலை 3.00.

தக்காளி சுப்ரமணியுடையது. அக்காவுக்கு ஒருவகையில் பங்காளி, முப்பது வயது. காதில் போனை வைத்தபடியே வந்தார்.

“நாளைக்குக் காலைல மருந்து அடிக்கற மெஷின்காரன் வரான். அவன உட்டா அடுத்த வாரம். அதுக்குள்ள புழுவு தக்காளிய துன்னுட்டு என்னையும் துன்னுடும்.”

“என் தேனி செத்துக் கெடக்குதேடா, பார்த்தியா?” என்றார் அக்கா.

“அக்கா, உன் ஆனைக்குத் தேனி, என் புழுவுக்கு மருந்து. அவங்கவங்க சாமிக்கு அவங்கவங்க பூசை. உன் தேனிக்கு நானா காவலு?”

“சாயங்காலமா அடிச்சா என்ன? தேனி அடைஞ்சிடும்.”

“சாயங்காலமா! ஆனை எறங்கற நேரத்துல டேங்க மாட்டிக்கினு நான் நிக்கணும், நீ பரண் மேல குந்திக்கினு வேடிக்கை பார்ப்ப.”

“ஆனை மேலயே அடி. அதுக்கும் பேன் இருக்கும்.”

சுப்ரமணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நான் மொழிபெயர்த்ததும் முவெண்டே அடக்காமல் சிரித்தாள். நேற்றிலிருந்து அவள் சிரித்து அதுதான் முதல் முறை. சிரிப்பு அடங்கியதும் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“போன வருசம் என் கேவுரு துன்னுட்டு எங்க போச்சி? உன் பைப்பு எல்லாத்தையும் மிதிச்சிக்கினுதான போச்சி? புதுசா போட்டியே, இந்த வருசம் ஒரு பைப்பு ஒடைஞ்சிதா?”

சுப்ரமணி குனிந்து, அறுந்து தொங்கிய ஒரு செண்டுமல்லியைப் பிடுங்கி எறிந்தார். முவெண்டே மெதுவாகப் பேசத் தொடங்கினாள். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். விடியுமுன் எல்லாத் தேனீயும் பெட்டிக்குள் இருக்கும். அப்போது வாசலைக் கம்பி வலையால் அடைத்துவிடலாம். மருந்து அடித்து, இலை காயும்வரை திறக்கக் கூடாது. ஆனால் வெயில் ஏறினால் அடைபட்ட பெட்டிக்குள் மெழுகு உருகும், தேனீ வெந்து சாகும். பெட்டிமேல் ஈரச் சாக்குப் போட்டு, காயக் காய நனைக்க வேண்டும்.

“இதை இதற்கு முன் செய்திருக்கிறாயா?” என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

“இல்லை. படித்திருக்கிறேன்” என்றாள்.

இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அக்கா என் முகத்தைப் பார்த்து, “செஞ்சதில்லையாமா?” என்று கேட்டுவிட்டார். ஆமாம் என்றேன். “பரவால்ல. நானும் செஞ்சதில்ல” என்றார்.

சுப்ரமணி ஒன்றே ஒன்று விட்டுக்கொடுத்தார். மெஷின்காரனை ஆறு மணிக்கே வரச்சொல்லி, பெட்டிப் பக்கம் முதலில் அடித்துவிட்டு, பிறகு அந்தக் கோடிக்குப் போவார். பெட்டிப் பக்கத்து இலை முதலில் காயும். “ஆனா ஒண்ணு. புழுவு சாவலன்னா மூணாம் நாளு மறுபடி அடிப்பேன். அப்பவும் யாரு சாக்கு நனைக்கறது?”



மாலை 4.00.

ஆட்டோவைக் கூப்பிட வேண்டிய நேரம். முவெண்டே குழுத் தலைவரை அழைத்தாள். நான் தெலுங்கில் பேசினேன். பெட்டிகள் இன்று வராது என்றேன். அவர், “மிச்ச மூன்றும் போனால்?” என்று கேட்டார். முவெண்டே பொறுப்பு தன்னுடையது என்று சொல்லச் சொன்னாள். நான் அதை “எங்கள் இருவருடையது” என்று மாற்றிச் சொன்னேன். ஆட்டோவைக் கூப்பிடவில்லை. அம்மாவுக்கு மட்டும், திருப்பதியில் ஆய்வக வேலை இழுத்துவிட்டது என்று ஒரு செய்தி அனுப்பினேன்.

மாலை 6.15.

இதை முனியம்மா அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிழக்கே அடுத்த ஊரில் பட்டாசு வெடிக்கிறது, தகரம் அடிக்கிறார்கள். கல்யாணமா என்று கேட்க வாயெடுத்தேன். அக்காவின் நாத்தனார் டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணுக்குக் கிளம்புவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். சித்தூரில் எங்கள் தெருவில் கொசுமருந்து வண்டி வந்தால் சன்னலைச் சாத்துவோம், பத்து நிமிடத்தில் திறப்போம், அதற்குள் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நாளை நாங்கள் சாத்தப்போவதும் சன்னல்தான். திறக்கும்போது என்ன இருக்கும் என்று தெரியாது.

முவெண்டே கம்பி வலையை விரலளவு துண்டுகளாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். அக்கா நான்கு சாக்குகளைத் தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறார். இன்றிரவு யானை வந்தால் மூன்று பெட்டியும் தேனீ பாய்வதற்காக வாசல் திறந்து தொங்கும். வராமலிருந்தால், விடிவதற்கு அரைமணி முன்பு நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பெட்டியை அடைப்போம். எனக்குக் காட்டு மூலைப் பெட்டி. அடைத்தபின் அதில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறாள் முவெண்டே. ரீங்காரம் சீராக இருக்கும்வரை சாக்கை நனைக்க வேண்டும். திடீரென்று உரத்துவிட்டால் உள்ளே சூடு தாங்கவில்லை என்று பொருள்; சுப்ரமணியின் மருந்து காய்ந்ததோ இல்லையோ, வலையைப் பிடுங்கிவிட வேண்டும்.