கையூம் பாடிய மாங்காடு

காது மெஷின் பொருத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று உத்தமன் முதலில் கேட்டது கண்ணம்மாவின் குரலை. முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடி வீடு. சமையலறையிலிருந்து அவர் மனைவி, "இன்னாங்க, கேக்குதா?" என்றாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பக்கத்து வீட்டுக் கிழவி யாரோ உள்ளே வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தார். பதினான்கு வருடமாக மனைவியின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு வந்தவர் அவர். அந்த உதட்டசைவுக்கு மனத்துக்குள் ஒரு குரலும் கொடுத்து வைத்திருந்தார். அது ஐம்பது வயதுக் கண்ணம்மாவின் கணீர்க் குரல். இந்தக் குரலில் நடுக்கம் இருந்தது.

"கேக்குது," என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைக் காய்ச்சி அடித்து உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் உத்தமன். பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டியை நீள இடுக்கியில் பிடித்து, மேலிருந்து விழுகிற ராட்சத ஹாம்மருக்கு அடியில் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை அடி என்று யாரும் எண்ணியதில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள், வேர்வையில் அது நனைந்து விழுந்துவிடும். அங்கே வேலை செய்த எல்லோருமே வீட்டில் கத்தித்தான் பேசுவார்கள், சண்டை போடுகிறார்கள் என்று அக்கம்பக்கம் நினைக்கும். உத்தமனுக்கு முதலில் குக்கர் விசில் போனது. பிறகு போன் மணி. பிறகு மகள் எழில் பேசுவது. ஐம்பத்து நான்கு வயதில் எல்லாமே போய்விட்டது.

மெஷின் வைத்துக்கொள்ள அவர் லேசில் ஒப்பவில்லை. எழில்தான் ஒரு வருடம் மல்லுக்கட்டி அழைத்துப் போனாள். அவர் கடைசியில் சரி என்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் மகளிடம் சொல்லவில்லை. ஜெரி மால்டனை இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

ஜெரி மால்டன் ஒரு வெள்ளைக்கார ராக் பாடகன். அவனுடைய இசைத்தட்டு ஒன்று எழுபத்தெட்டில் பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்தது. உத்தமனுக்கு அப்போது இருபத்தொரு வயது. அப்துல் கையூம் அவரோடு ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். கையூமின் அக்கா வீட்டுக்காரர் கப்பலில் சமையல் வேலை பார்த்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்த தட்டு அது. அட்டையில் நீளத் தலைமுடிக்காரன் ஒருவன் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். மொத்தம் ஒன்பது பாட்டு.

கையூமின் சித்தப்பா மைக் செட் கடை வைத்திருந்தார். வாடகைக்குப் போகாத நாட்களில் அந்தக் கடையின் பின்னறையில் இருவரும் அந்தத் தட்டைப் போட்டுக் கேட்டார்கள். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் ஒன்பது பாட்டும் தலைகீழாகப் பாடம். ஒருமுறை குத்தம்பாக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் தட்டு மாறிப்போய், குழாய் ஸ்பீக்கரில் ஜெரி மால்டன் அலற ஆரம்பித்துவிட்டான். மைக் செட் எரிந்துபோயிற்று என்று பந்தலில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். சித்தப்பா கையூமைத் தெருவில் வைத்தே அடித்தார்.

ஏழாவது பாட்டுதான் அவர்களுடைய பாட்டு. கிடார்கூட இல்லாமல் தொடங்கும். பாதியில் எல்லா வாத்தியமும் நின்றுபோக, அவன் மட்டும் தொண்டை கிழிய "மாங்காடோ... மாங்காடோ" என்று கத்துவான். அவர்கள் காதுக்கு அப்படித்தான் கேட்டது. பூந்தமல்லிக்கு அடுத்த ஊரை ஒரு வெள்ளைக்காரன் கூப்பிடுகிறானே என்று அவர்களுக்குச் சிரிப்புத் தாங்காது. கையூம் எழுந்து நின்று பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு கையால் தகரத்தைத் தட்டி, "மாங்காடோ, மாங்காடோ, ஏறு ஏறு" என்பான். உத்தமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடுவார். காது போன பிறகும், ஹாம்மர் அடியின் இரைச்சல் மண்டைக்குள் ஓயாத நாட்களில், அவர் படுத்தபடி ஒன்பது பாட்டையும் வரிசையாக உள்ளுக்குள் ஓடவிடுவார். ஏழாவது வந்ததும் முகம் மலர்ந்துவிடும். கண்ணம்மா, "இன்னா, தனியா சிரிச்சிகினு கீறீங்க?" என்று உதட்டை அசைப்பாள்.

கையூம் வேலைக்குப் போகாமல் பூந்தமல்லியில் கட்பீஸ் துணிக்கடை வைத்தார். ராபியாவைக் கட்டினார். மகன் மஸூத் தலையெடுத்துக் கடையைப் பார்க்க ஆரம்பித்த சமயத்தில் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உத்தமனுக்குக் காது மெஷின் வைத்த செய்தியை எழில் போனில் சொன்னதுமே அவரிடமிருந்து பதில் வந்தது. 'ஞாயித்துக்கெழம வா மாமே. ரெக்கார்டைத் தொடச்சி வெச்சிகினு கீறேன்.'

ஞாயிற்றுக்கிழமை போனபோது கையூம் இளைத்துப் பாதியாகியிருந்தார். கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மஸூத் எங்கேயோ பிடித்துப் பழுதுபார்த்துக் கொண்டுவந்த ரெக்கார்டு ப்ளேயர் ஸ்டூலின் மேல் இருந்தது. கையூம் ஊசியைத் தட்டின் மேல் தானே வைத்தார்.

உத்தமன் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு பாத்திரக்கடையில் அடுக்கு சரிந்த மாதிரி ஒரு சத்தம். அதுதான் கிடாரா? டிரம் ஒவ்வொரு அடியும் பின்மண்டையில் விழுந்தது. பாடகனின் குரல் எங்கேயோ தலைதூக்கியது, உடனே மூழ்கிப்போனது. மெஷின் அந்தக் குரலையும் வேண்டாத இரைச்சல் என்று நினைத்து அமுக்கியதோ என்னவோ. அவர் மறுபடியும் கம்பெனியின் ஹாம்மர் ஷெட்டுக்குள் நிற்பது போல் இருந்தது. வேர்த்துவிட்டது.

கண்ணைத் திறந்தால் கையூமின் முகம் எதிரே இருந்தது. அந்த முகத்தில் அப்படி ஓர் ஆவல். உத்தமன் காதைச் சொறிவதுபோல் கையைக் கொண்டுபோய் மெஷினின் பொத்தானை அமுக்கி அணைத்தார். பழைய அமைதி திரும்பியது. மறுபடி கண்ணை மூடி, அந்த அமைதிக்குள் தனக்குப் பாடமான பாட்டைத் தானே ஓடவிட்டார். தலையை ஆட்டினார். தொடையில் தாளம் போட்டார். புன்னகையும் வந்துவிட்டது.

யாரோ முழங்காலைத் தட்டினார்கள். பார்த்தால் கையூம் காதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். உத்தமன் பொத்தானை மறுபடி அமுக்கினார்.

"நான் ஊசிய எடுத்து ரெண்டு நிமிசம் ஆவுது மாமே. நீ இன்னும் தாளம் போட்டுகினு கீற."

உத்தமன் ஸ்டூலைப் பார்த்தார். தட்டு நின்றிருந்தது. இருவரும் சிரித்தார்கள். கையூமுக்குச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"ஒண்ணும் கேக்கலடா," என்றார் உத்தமன். "எல்லாம் தகரமா கேக்குது. பேச்சு கேக்குது, நீ பேசறது கேக்குது. அவன் கேக்கல. அவன் போய்ட்டான்."

கையூம் தட்டை எடுத்து அட்டைக்குள் போட்டார். பிறகு, "கிட்ட வா," என்றார்.

உத்தமன் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். கையூம் அவர் தோளில் கையை ஊன்றி, மெஷினுக்கு அருகில் வாயைக் கொண்டுவந்து பாட ஆரம்பித்தார். முதல் பாட்டிலிருந்து வரிசையாக, பல் போன வாயால், அர்த்தமில்லாத இங்கிலீஷில், நடுநடுவே கிடாருக்கு 'டொய்ங் டொய்ங்' போட்டு. மூச்சு வாங்கும்போது நிறுத்துவார், பிறகு விட்ட இடத்தில் தொடங்குவார். ஒரு வரி தவறவில்லை. ஏழாவதில் "மாங்காடோ" வந்தபோது உத்தமனும் சேர்ந்துகொண்டார்.

அதற்கு மூன்றாவது வாரம் கையூம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கபரஸ்தானில் உத்தமனும் மூன்று கைப்பிடி மண் அள்ளிப் போட்டார். மண் விழுகிற சத்தம் மெஷினில் துல்லியமாகக் கேட்டது.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க வீட்டுக்குப் போனார். புருஷனை இழந்த பெண் சில மாதம் வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்கிற இத்தாவில் ராபியா இருந்ததால் வெளியே வரவில்லை. நடுவீட்டுத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினார். உதடு தெரியவில்லை. மெஷினை நம்பித்தான் கேட்க வேண்டியிருந்தது. உத்தமன் குனிந்து, திரைக்கு நேராகக் காதைக் கொடுத்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். மாங்காட்டுல அவருக்கு யாருண்ணே கீறாங்க?"

"யாரும் இல்லியேம்மா."

"கடைசி ரெண்டு நாளு நெனவு இல்ல. மஸூது பக்கத்துல ஒக்காந்து கலிமா சொல்லிக் குடுத்துகினே இருந்தான். அவரு வாயில மாங்காடு, மாங்காடுன்னுதான் வந்துச்சு. உயிர் போற வரைக்கும் அதான். எனக்கு மனசே ஆறல."

உத்தமனுக்கு மனசு லேசானது. இவ்வளவுதானா என்று தோன்றியது. "அது ஒரு பாட்டும்மா. அந்த ரெக்கார்டுல வர்ற பாட்டு. நாங்க சின்ன வயசுல அத கேட்டுச் சிரிப்போம்," என்றார்.

திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. மெஷின்தான் நின்றுவிட்டதோ என்று அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்ல, "பாட்டா?" என்று கேட்டது. அவ்வளவுதான். ராபியா எழுந்து உள்ளே போகிற ஓசை கேட்டது. மஸூத் தலையைக் குனிந்துகொண்டான். கடைசி மூச்சில் அல்லாவின் பேர் சொல்லும் கலிமா வராமல், சிரிப்புக்குக் கேட்ட ஒரு பாட்டு வந்தது என்றல்லவா சொல்லிவிட்டோம் என்று உத்தமனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசல் வரை வந்த மஸூத் இசைத்தட்டை அவர் கையில் கொடுத்தான். "அத்தா ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு மாமா," என்றான்.

பல நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எழில் காரணம் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவரை மறுபடி காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். பேச்சுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று மெஷினில் தனித்தனியாக அமைத்துத் தர முடியுமாம். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டர் திரையில் கோடுகளை ஏற்றி இறக்கி, ஒரு மணி நேரம் பொறுமையாகச் செய்து கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம், எழில் போனில் தேடி ஜெரி மால்டனின் அந்த ஆல்பத்தை எடுத்தாள். உத்தமன் முதல் பாட்டிலிருந்து கேட்டார். கீறல் சத்தம் இல்லை. கிடார் இப்போது கிடாராக இருந்தது. மெலிந்து, தூரத்தில் கேட்டாலும் குரல் மூழ்கவில்லை. ஆனால் அவருக்கு அது பிடிபடவே இல்லை. இழுக்க வேண்டிய இடத்தில் இவன் இழுக்கவில்லை. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்கவில்லை. இத்தனை வருடம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது கையூம் பாடிய பாட்டு என்பது அவருக்கு நாலாவது பாட்டில் புரிந்தது. இவன் யாரோ ஒருவன்.

ஏழாவது பாட்டில் வாத்தியங்கள் நின்றன. அவன் கத்தினான். உத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழிலு, அத இன்னொரு வாட்டி போடு. இன்னா சொல்றான்?"

"'மை காட், ஓ'ன்றான் நைனா. ஐயோ கடவுளேன்னு."

"மாங்காடு இல்ல?"

"மாங்காடா?" எழில் சிரிக்கப்போனவள், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். போனில் வரிகளையும் படித்துச் சொன்னாள். ரயிலில் அடிபட்டுச் செத்த தன் தம்பியைப் பற்றி அவன் பாடிய பாட்டு அது. உத்தமன் இன்னொரு தடவை கேட்டார். அவன் அந்த இடத்தில் அழுதுகொண்டிருந்தான். குரல் உடைவது நன்றாகவே கேட்டது. நாற்பத்தேழு வருடமாக அந்த இடம் வந்தால் அவர்கள் இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

சட்டையை மாட்டிக்கொண்டு அன்றைக்கே பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினார். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் போட்டு உடைத்தார்.

"தங்கச்சி, அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன். அந்த வார்த்த மாங்காடு இல்ல. இங்கிலீஷு. என் கடவுளேன்னு அர்த்தம். செத்துப்போனவனுக்காக அழுவுற பாட்டு."

ராபியா கேட்டார். "அவருக்குத் தெரியுமாண்ணே, அர்த்தம்?"

தெரியும் என்று சொல்லிவிட நாக்குத் துடித்தது. உத்தமன் அதை விழுங்கிக்கொண்டார். "எனக்குத் தெரியலம்மா. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

திரைக்கு அந்தப் பக்கம் அழுகை வந்தது. கையூம் போன நாளிலிருந்து அம்மா அழவே இல்லை என்று மஸூத் பிறகு சொன்னான். அழுகையின் நடுவே ராபியா சொன்னார்: "அவரு கூப்புட்டது அல்லாவுக்குத் தெரியும்ல. அவனுக்கு எந்தப் பாஷைன்னா இன்னா?"

அதன் பிறகு உத்தமன் அந்த ஆல்பத்தைக் கேட்கவில்லை. உள்ளுக்குள் ஓடவிடவும் முடியவில்லை. ஏழாவது வந்தால் இரண்டு குரலும் கலந்து குழம்பிவிடுகிறது. படுத்தால் பழைய இரைச்சல் மட்டும் இருக்கிறது. மஸூத் மதியத் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிற நேரத்தில் கடையில் உட்கார ஆள் வேண்டும் என்றான். "எனக்குத் துணி பத்தி இன்னாடா தெரியும்?" என்றவர், இப்போது வாரத்தில் நாலு நாள் பூந்தமல்லிக்குப் போய் வருகிறார்.

போன வாரம் செம்பரம்பாக்கத்துப் பக்கமிருந்து வடிவு என்று ஒரு அம்மாள் வந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேத்திகளுக்குப் பாவாடைத் துணி எடுக்க வருகிறவளாம். பச்சையில் பூப்போட்ட துணி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தபடியே, "பாய் எங்க? அவர்தான் எனக்கு நல்லதா எடுத்துக் குடுப்பாரு," என்றாள்.

பாய் இறந்துபோனதை உத்தமன் சொன்னார். அவள் துணியை மடித்துப் பலகையின் மேல் வைத்துவிட்டு, அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "எப்போ?" என்று கேட்டாள். அவர் அதையும் சொன்னார். பிறகு, கையூம் செய்திருப்பதுபோல், அலமாரியிலிருந்து இன்னும் ரெண்டு துணியை எடுத்து அவள் முன்னால் பிரித்தார்.