மூடிப்போட்ட புகார்

இன்னைக்கு அன்னூர் பஸ்ஸுல பக்கத்து சீட்டு அம்மணி லேப்டாப்புல, நாங்க நாலு பேர் சேர்ந்து எழுதற கம்பைலரை, அதான் புரோகிராமை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற சாஃப்ட்வேரை, பாத்தேன். நான் யாருன்னு சொல்லாம, எப்படியிருக்குன்னு பெருமையா விசாரிச்சேன்.

"புதுசா ஜெனரிக்ஸ்னு ஒரு வசதி சேர்த்தாங்க. அதுலருந்து என்ற பழைய புரோகிராம் ஓடறதில்லீங்க. புகார் போட்டேன். 'நீங்க எழுதின கோடுதான் தப்பு'ன்னு மூடிப்போட்டாங்க."

மூடினது நான்தான்.

அந்த ஜெனரிக்ஸ், ரெண்டு வாரத்துல முடிக்கறேன்னு சொல்லி எட்டு மாசம் இழுத்த வேலை. ஒரு இடத்தைத் தொட்டா ஒம்பது இடம் உடைஞ்சுது. சலிச்சுப்போய், அவங்க புகாரை முழுசாப் படிக்கக்கூட இல்லை.

"அப்படீங்களா"ன்னேன்.

அவங்க எறங்கினதும் போன்ல அந்தப் புகாரைத் திறந்து, தப்பு என்னோடதுதான்னு எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

உடனே பதில் வந்துச்சு: "உங்க பேருக்குப் பக்கத்துல இருக்கற போட்டோவ இப்பத்தான் பாத்தேன். பஸ்ஸுலயே சொல்லியிருக்கலாமுங்க."